அயலூரில் ஒரு பழைய நண்பர்

கல்லூரி ஆசிரியர் வாழ்க்கையில் அயலூர்ப் பயணங்களுக்குக் குறைவே இல்லை. வாய்மொழித் தேர்வு, விடைத்தாள் திருத்தம், பாடத்திட்டக் குழு, கருத்தரங்கம் என்று ஆண்டுக்கு ஐந்தாறு முறையேனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறோம். போகும் ஊர்கள் பெரும்பாலும் கல்லூரி ஊர்களே. அந்த ஊர்களில் நம்மோடு ஒரே விடுதியில் உண்டு உறங்கிய பழைய தோழர் ஒருவரேனும் இருப்பார். பணி முடிந்ததும் படித்தொகைப் படிவத்தில் கையொப்பமிட்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து, இரவுச் சாப்பாட்டிற்கு வீடு வந்து சேர்கிறோம். அந்தத் தோழரை நினைப்பதும் உண்டு. பேருந்து ஊர் எல்லையைக் கடக்கும்போது நினைப்போம். இக்கட்டுரை அந்தப் பழக்கத்திற்கு எதிரானது. எழுதுகிறவன் அந்தப் பழக்கத்திற்கு உட்பட்டவன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் 2003-ஆம் ஆண்டு ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு இருவரும் ஒன்றாகப் படித்தோம். சங்க இலக்கிய அடைகளைப் பற்றிய ஆய்வு அவருடையது. சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் அட்டைகளை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல், அது வரும் இடம், உரையாசிரியர் கொள்ளும் பொருள் என்று எழுதி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார். ரமலான் மாதத்தில் ஸஹர் நேரத்தில் என்னை எழுப்புவது அவர் வேலை. அவருக்கு நோன்பில்லை; ஆனாலும் தலைமாட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்றரை மணிக்கு எழுந்து, என் போர்வையை இழுத்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுவார். முப்பது நாளில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

படிப்பு முடிந்து பிரிந்தோம். எனக்கு 2007-இல் இக்கல்லூரியில் இடம் கிடைத்தது. அக்காலத்தில் இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்த எம்.ஃபில். பட்டமே போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2006-இல் விதியைத் தளர்த்தியிருந்தது. நண்பர் அந்த ஆண்டுகளில் நோயுற்ற தந்தையாரின் படுக்கை அருகில் இருந்தார். அவர் வேலை தேடி வெளியே வந்தபோது 2009-ஆம் ஆண்டு விதிகள் வந்துவிட்டன. தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ தேறியிருக்க வேண்டும். இல்லையேல் முனைவர் பட்டம் வேண்டும் என்று ஆயிற்று. தனியார் கல்லூரி ஒன்றில் சொற்ப ஊதியத்தில் சேர்ந்தார். இருவருக்கும் ஒரே பட்டம், ஒரே ஆண்டு, மதிப்பெண் அவருக்கே கூடுதல். இடையே நின்றது இரண்டாண்டுக் காலம்தான். அந்தப் பட்டத்தையே 2022-இல் மானியக் குழு நிறுத்திவிட்டது என்பது வேறு செய்தி.

ஆண்டுக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் பெருநாளுக்கும், தொலைபேசியில் பேசிக்கொள்வோம். "எப்படி இருக்க பாய்?" என்பார். "நல்லா இருக்கேன், நீ?" என்பேன். "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பார். பத்தாண்டுகளுக்கு மேல் இந்த மூன்று வாக்கியங்களே எங்கள் நட்பாக இருந்தன. குறை எதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

2022-இலும் 2023-இலும் முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகத் திருவண்ணாமலை சென்றேன். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பேருந்துப் பயணம். முதன்முறை மறுநாள் வகுப்பு இருந்தது. இரண்டாம் முறை பௌர்ணமி நாள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம். இருட்டிவிட்டால் பேருந்தில் இடம் கிடைக்காது என்று அஞ்சி ஓடிவந்தேன். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் இரண்டு முறையும் கடைத்தெருவில் சாவகாசமாகத் தேநீர் குடிக்க எனக்கு நேரம் இருந்தது என்பதும் பொய்யல்ல.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இத்தகைய சோம்பலை மறைத்துக்கொள்ள ஒரு நல்ல திரை கிடைத்திருக்கிறது. நட்பிற்கு நேரில் பழகுதல் தேவையில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் திருக்குறள் கருத்தைத்தான் சொல்கிறேன். 'நட்பு' அதிகாரத்தில் வரும் அக்குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக்காட்டுகிறார். வகுப்பில் நானும் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறேன். மாணவர்களும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிப் போகிறார்கள். ஆனால் அந்த வரலாற்றின் பின்பாதியை நாம் அழுத்திச் சொல்வதில்லை. சோழன் உறையூரில் வடக்கிருந்தபோது, ஆந்தையார் வருவார், அவருக்கு ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்றான். சுற்றியிருந்தோர் ஐயுற்றனர். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்து அவர் வந்தே விட்டார். முன்பின் கண்டறியாத நண்பனுக்காக நாடு கடந்து நடந்து வந்து, ஒழித்து வைத்த இடத்தில் அவரும் அமர்ந்து உயிர் விட்டார் என்பது புறநானூறு காட்டும் செய்தி. பழகாமலே நட்பு அமையலாம் என்பதற்கு அவர் சான்று. போகாமலே இருந்துவிடலாம் என்பதற்கு அவர் சான்று ஆகார். இந்த வேறுபாட்டை இருபதாண்டு பாடம் நடத்திய பின்புதான் நான் உணர்ந்தேன் என்பது வெட்கத்திற்குரியது.

நம் மார்க்க நூல்களிலும் இதற்கு நேரான ஒரு செய்தி உண்டு. அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற நபிமொழி அது. வேற்றூரில் வாழும் சகோதரர் ஒருவரைக் காண ஒரு மனிதர் புறப்பட்டுப் போகிறார். வழியில் இறைவன் ஒரு வானவரை நிறுத்தி வைக்கிறான். எங்கே போகிறீர் என்று வானவர் கேட்கிறார். இந்த ஊரில் உள்ள என் சகோதரரைக் காண என்கிறார் அவர். அவரிடமிருந்து உமக்கு வரவேண்டிய நன்மை ஏதும் உண்டா என்பது அடுத்த கேள்வி. இல்லை, இறைவனுக்காக அவரை நேசிக்கிறேன், அவ்வளவுதான் என்பது விடை. அவ்வாறாயின் இறைவனும் உம்மை நேசிக்கிறான் என்று சொல்லவே நான் அனுப்பப்பட்டேன் என்கிறார் வானவர். ஜும்ஆ உரைகளில் நாம் பலமுறை கேட்டதுதான். இதில் என் கவனத்தை ஈர்ப்பது அந்த இரண்டாவது கேள்வி. வேலை ஏதேனும் உண்டா என்று வானவர் விசாரிக்கிறார். நம்முடைய பயணங்களில் வேலை மட்டுமே உண்டு. வேலை முடிந்தால் பயணமும் முடிந்தது. அந்த மனிதரின் பயணத்தில் வேலை என்று ஒன்று இல்லவே இல்லை.

திருவண்ணாமலைக்கே உரிய ஒரு வருகையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ரமண மகரிஷி மதுரையில் வெங்கடராமன் என்னும் பெயரில் பள்ளி மாணவராக இருந்தபோது அவருக்கு ஒரு முஸ்லிம் தோழர் இருந்தார். அப்துல் வஹாப் என்பது அவர் பெயர். சாப் ஜான் என்று அழைப்பர். இருவரும் சேர்ந்து கால்பந்து ஆடியவர்கள்; திருப்பரங்குன்றத்திற்கு ஒன்றாகச் சென்று வந்தவர்கள். 1896 ஆகஸ்டு இறுதியில் வெங்கடராமன் ஒருவரிடமும் சொல்லாமல் மதுரையை விட்டு நீங்கி, செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். தோழர் காவல் துறையில் சேர்ந்தார். பின்னர் ஒரு நாள் தமக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மாட்டியிருந்த துறவியின் படத்தைப் பார்த்து, இவன் என் நண்பன் வெங்கடராமன் அல்லவா என்று அடையாளம் கண்டுகொண்டார். அதன் பிறகு திருவண்ணாமலைக்குப் போய் அவரைக் கண்டார். உலகமெல்லாம் தேடி வந்து தத்துவம் கேட்ட அந்த ஆசிரமத்தில், ஒரு போலீஸ்காரர் பந்தாட்டத் தோழராக வந்து நின்றிருக்கிறார். சமய நல்லிணக்கம் என்று மேடையில் பேசும்போது இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டலாம், எடுத்துக்காட்டுவோரும் உண்டு. ஆனால் சாப் ஜான் நல்லிணக்கத்தை நிலைநாட்டப் போனதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய சேக்காளியைப் பார்க்கப் போனார். அது போதாதா?

மூன்றாம் முறை, 2024-இல், நானும் போனேன். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் போனேன். முன்னறிவிப்பின்றிப் போய் நிற்பதை நான் ஆதரிப்பதில்லை. அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லி, திரும்பிப் போங்கள் என்றால் மனம் கோணாமல் திரும்ப வேண்டும் என்றே திருக்குர்ஆன் கற்பிக்கிறது. வீட்டில் என்ன நிலையோ, அடுப்பில் என்ன இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. கேட்டபோது நண்பர் சற்றுத் தயங்கினார். பிறகு, "வா பாய், பெரிய தெருவுல வந்து ஜெராக்ஸ் கடைன்னு கேளு" என்றார். கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் கடையின் பெயரைச் சொல்கிறாரே என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் விளங்கவில்லை.

கடை அவருடையதுதான். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது அவர் பணிபுரிந்த கல்லூரி முதலில் பாதி ஊதியம் தந்தது. பிறகு அதுவும் நின்றது. மீண்டும் கல்லூரி திறந்தபோது அவருடைய பெயர் கால அட்டவணையில் இல்லை. இரண்டு நகலெடுக்கும் இயந்திரங்கள், ஒரு கணினி, சுருள்கம்பி கோக்கும் கருவி ஆகியவற்றோடு கடை வைத்திருந்தார். மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, அட்டை போட்டுத் தருவது முதன்மையான வருமானம். நான்காண்டுகளாக "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்று சொல்லி வந்தவர் இந்த மனிதர்.

தொலைபேசி பொய் சொல்லாது. ஆனால் நாம் சொல்வதை மட்டுமே அது சொல்லும். இங்கு எனக்குக் கேம்பிரிட்ஜ் நினைவு வருகிறது. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவருக்கு அறை. அதே ஊரில் கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகாலானோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தையாகப் போற்றப்பட்டவர், ஒரு குளிர் நாளில் அவர் அறைக்குச் சென்றார். ராமானுஜன் கணப்பின் அருகே ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இரவில் குளிருகிறதா என்று கேட்டார் வந்தவர். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். கம்பளிகள் போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் சென்று பார்த்தால், கம்பளிகள் பல இருந்தன; மெத்தையைச் சுற்றி இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மீதே படுத்திருக்கிறார். மகாலானோபிஸ் விரிப்பை விலக்கிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார். எண்களின் உலகில் எவரும் காணாததைக் கண்டவர், பக்கத்தில் இருந்த கம்பளிகளை அறியாமல் குளிரில் நடுங்கியிருக்கிறார். கும்பகோணத்து வீட்டுக்கு அவர் எழுதும் கடிதத்தில் இது எப்படி வந்திருக்கும்? தமக்குத் தெரியவில்லை என்பதே தெரியாததை ஒருவர் எப்படிக் கடிதத்தில் எழுதுவார்? அறைக்குள் போன ஒருவரின் கண்ணுக்கே அது பட்டது.

நண்பர் வீட்டிற்கு வருவோம். கடைக்குப் பின்புறமே வீடு. அவர் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இளைச்சுப் போயிட்டியே தம்பி" என்றார். நான் இளைக்கவில்லை, அது தாய்மார்களின் ஸலாம். லுஹர் நேரம் வந்தது. பள்ளிவாசல் எங்கே என்று கேட்டேன். "வெயில்ல எங்கப்பா போற" என்று சொல்லி, துவைத்து மடித்து வைத்திருந்த புதுப் போர்வை ஒன்றை எடுத்துக் கூடத்தில் விரித்தார் அம்மா. மலை நகருக்கு மேற்கே நிற்பதால் திசையைத் தேட வேண்டியிருக்கவில்லை. நான் தொழுது முடிக்கும் வரை தொலைக்காட்சியை அணைத்து வைத்திருந்தார்கள்.

சாப்பிடும்போதுதான் அது வெளிவந்தது. நண்பரின் மனைவியார் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "போன வருஷமும் வந்திருந்தீங்களாமே அண்ணா? அதுக்கு முந்தின வருஷமும் வந்தீங்களாமே?" என்றார். அவர் குற்றம் சாட்டவில்லை, செய்தியாகவே கேட்டார். நண்பர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவர்கள் ஆய்வேடுகளை அட்டை போட அவர் கடைக்கே வந்திருக்கிறார்கள். புறத்தேர்வாளர் யார் என்று அவர் கேட்டிருக்கிறார், பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டும் மாலை வரை கடையைச் சாத்தாமல் இருந்திருக்கிறார்.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. 2023-இல் ஒரு மாணவியின் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்து, ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லையே, இக்காலத்தில் இப்படி எழுதும் மாணவர் அரிது என்று நான் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினேன். அந்தப் பெண் ஏனோ தலையைக் குனிந்துகொண்டது. திருத்தியவர் யார் என்று கேட்கும் எண்ணம் அன்று எனக்கு வரவில்லை.

செருப்புப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. பரணிலிருந்து இறக்கிக் காட்டினார். ஓரம் பழுப்பேறிய அட்டைகளில் சில, அண்மையில் எழுதிய கறுப்பு மையில் இருந்தன. கடை ஓய்ந்த நேரங்களில் எழுதுகிறாராம். எதற்காக என்று கேட்க நான் துணியவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் சிலர், இவ்வளவு தெரிந்து இவர் என்ன செய்துவிட்டார் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விதி அவருக்குச் சாதகமாக மாறப்போவதில்லை. பணம் கொடுக்க முயன்றிருந்தால் அந்த வீட்டு வாசல் எனக்கு அன்றோடு அடைபட்டிருக்கும். எங்கள் துறை மாணவர்களின் ஆய்வேடுகளை அவர் பார்வைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். அதற்கு உரிய கூலியை மாணவர்கள் தருகிறார்கள். உதவி செய்வதற்காகவே நண்பரைப் பார்க்கப் போக வேண்டும் என்ற கருத்து எனக்கு உடன்பாடில்லை. வானவரின் இரண்டாவது கேள்வி இருபுறமும் பொருந்தும். பெறுவதற்கும் போக வேண்டாம். கொடுப்பதற்கென்றும் போக வேண்டாம். போவதற்காகப் போகலாம்.

நடைமுறையில் இரண்டு செய்திகளை நம் துறையின் முன் வைக்கிறேன். முன்னாள் மாணவர் கூட்டம் ஆண்டுதோறும் நடத்துகிறோம். மேடை, சால்வை, குழுப்படம். வருகிறவர்கள் வேலையில் இருப்பவர்கள். வராதவர்களின் பட்டியலை நாம் வைத்திருப்பதில்லை. அதை வைத்திருக்க வேண்டும். ஊர்வாரியாக ஒரு பதிவேடு போதும். அயலூர்ப் பணிக்குச் செல்லும் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டால், அந்த ஊரில் நம் மாணவர் யார் இருக்கிறார் என்று தெரியும். அரை நாள் சேர்த்து எடுத்துக்கொள்வதற்கு நிர்வாகமும் தடை சொல்லாது என்றே நம்புகிறேன். பெண் ஆசிரியைகளுக்கு இது எளிதன்று என்று சகோதரி ஒருவர் சொன்னார்; இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு உண்டு. இருவராகச் செல்லும்போதேனும் முயலலாம்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, அறிவேன். காலையில் பூப்படம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முபாரக், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் தவறாமல் வருகின்றன. எங்கள் எம்.ஃபில். வகுப்புக்கும் ஒரு குழு உண்டு. அதில் நண்பரும் இருந்தார். நான்காண்டுகளும் பொங்கல் வாழ்த்துக்கு நாங்கள் பதினோரு பேரும் கைகூப்பும் படத்தைப் போட்டிருக்கிறோம். பதினோரு பேரில் ஒருவருக்கும் கடை வைத்த செய்தி தெரியவில்லை.

அன்று மாலை நண்பர் பேருந்து நிலையம் வரை வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் விட்ட இடத்திலிருந்து ஓர் உரையாசிரியரைப் பற்றிப் பேசத் தொடங்கி, இரண்டு பேருந்துகளைப் போக விட்டோம். எங்கள் ஊருக்கு வருமாறு அழைத்தேன். கடையை யாரிடம் விடுவது என்று யோசித்தார். பிறகு, வருகிறேன் என்றார். நாள் சொல்லவில்லை, வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வருவதாகவும், ஜும்ஆ முடிந்து நான் வரும் வரை வாசலில் காத்திருப்பதாகவும், பிரியாணியில் உருளைக்கிழங்கு போடக்கூடாது என்று இப்போதே வீட்டில் சொல்லி வைக்குமாறும் சொன்னார்.